மறுமுறை திறக்கும் வேர்

அத்திப்பட்டில் இயந்திரத்தைத் திறப்பதை யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. அங்கே 1994 முதல் மின்சாரம் தந்துவரும் வடசென்னை அனல்மின் நிலையத்தில் அலகுகளை முறைவைத்து நிறுத்துகிறார்கள். டர்பைனின் மேல்மூடியைத் தூக்குகிறார்கள், கொதிகலன் குழாய்களின் கனத்தை அளக்கிறார்கள், தேய்ந்ததை மாற்றி மூடுகிறார்கள். ஓவர்ஹால் எனப்படும் அந்த வேலைக்குத் தேதி உண்டு, டெண்டர் உண்டு, அதை நம்பிப் பிழைக்கும் ஃபிட்டர்களும் வெல்டர்களும் உண்டு. அதே ஃபிட்டரின் கடைவாய்ப் பல்லில் சில வருடங்களுக்கு முன் செய்த ரூட் கெனால் மறுபடி வலியெடுத்தால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. முதலில் பார்த்த டாக்டர் சரியில்லை என்பார்கள். நரம்பு எடுத்த பல் அப்படித்தான், அன்றைக்கே பிடுங்கியிருக்கலாம் என்பார்கள். பல்லையும் திறக்கலாம், உள்ளே அடைத்ததை எடுக்கலாம், கழுவித் திரும்ப அடைக்கலாம் என்று சொல்கிற குரல் அந்தப் பேச்சில் அநேகமாகக் கேட்காது.

அப்படித் திறப்பதற்கென்றே கருவிகளும் கைமுறைகளும் இருக்கின்றன. பல் மருத்துவர்கள் தங்களுக்குள் ‘ரீ-ஆர்சிடி’ என்பார்கள். வேர்க்கால்வாய்க் கருவிகளின் கதை 180 ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. அதைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பல்லுக்குள் எத்தனையோ பொருள்களை வைத்து மூடியிருக்கிறார்கள். அவற்றில் நிலைத்தவை பெரும்பாலும் திரும்ப எடுக்க முடிந்தவை. எடுக்க முடியாததை வைத்து மூடியவர்கள், அடுத்து வரும் மருத்துவரின் பெயரிலும் நோயாளியின் பெயரிலும் கடன் எழுதிவைத்தார்கள். அந்தக் கடனை இன்று யார் அடைக்கிறார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

நம் ஊர்களில் சொத்தைப் பல்லைப் புழுப்பல் என்றார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் வாங்கினால் புழு விழுந்துவிடும் என்று செய்த வைத்தியம் பாட்டிமார் நினைவில் இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியதில்லை. பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் பல்லரிக்கும் புழு வருகிறது. பாரிசில் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தம் பெருநூலில், தேடிப் பார்த்தும் அப்படியொரு புழு தென்படவில்லை என்று எழுதிய பிறகும் ஐரோப்பாவில் அந்த நம்பிக்கை சட்டென்று போய்விடவில்லை. உள்ளே ஏதோ உயிருள்ளது இருந்து அரிக்கிறது என்ற ஊகம் முழுப் பிழையும் அன்று. கண்ணுக்குத் தெரியும் அளவில் அதைத் தேடியதுதான் பிசகு.

உள்ளே இருப்பதை வெளியே இழுக்க முதலில் வந்த கருவி ஒரு கடிகார வில். அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் 1838இல் கடிகாரச் சுருள்வில்லை அராவி மெல்லிய கம்பியாக்கி, அதை வேருக்குள் விட்டுச் செத்த நரம்பை எடுத்தார். இதே மனிதர் 1851இல் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மேனார்ட் கார்பைன் சுட்டுத் தள்ளியது. பல்லைக் காப்பாற்ற ஒரு கை, ஆளைக் கொல்ல ஒரு கை. அந்தக் காலத்துப் பல் வைத்தியர் பலர் அடிப்படையில் உலோக வேலைக்காரர்கள் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நரம்பை எடுத்த வெற்றிடத்தை எதால் நிரப்புவது? தங்கத் தகடு, ஈயம், மரம் என்று பலவும் முயன்றார்கள். விடை வங்கக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால், கட்டா பெர்ச்சா. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1840களின் தொடக்கத்தில் அதை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், உப்புநீர் அதைத் தொடாது. கடலடித் தந்திக்கு இதைவிட நல்ல உறை கிடைக்காது என்று பொறியாளர்கள் பாய்ந்தார்கள். பாலெடுக்க மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்ததால் காடுகள் வேகமாக மொட்டையாயின. 1870 கடைசியிலும் 1871 தொடக்கத்திலும் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போட்டார்கள். கட்டா பெர்ச்சா உறை போர்த்திய அந்தக் கம்பி சென்னைக் கரையில் ஏறிய காலத்தில், அதே பிசினைப் பல் வைத்தியர்கள் வேருக்குள் அடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயிண்ட் லூயிஸ் நகரத்து ஜி. ஏ. போமன் 1867இல் அப்படி அடைத்துக் காட்டினார் என்பது பதிவு.

கடலடித் தந்தியை விட்டு கட்டா பெர்ச்சா எப்போதோ போய்விட்டது. பாலித்தீன் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பல்லுக்குள் மட்டும் 150 ஆண்டுகளைத் தாண்டியும் இருக்கிறது. இன்று பெட்டியில் வரும் இளஞ்சிவப்புக் குச்சிகளில் கட்டா பெர்ச்சா ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. அதைவிட நன்றாக ஒட்டும் பொருள்களும் கெட்டியாக நிற்கும் பொருள்களும் நடுவில் வந்து போயின. இது நிலைத்ததற்குக் காரணம் அதன் வலிமை என்று சொல்ல முடியாது. சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும், குளோரோஃபார்மில் கரையும், வேரைச் சுரண்டும் ஃபைல் என்ற மெல்லிய அரத்தின் பல்லில் சிக்கி வெளியே வரும். எடுக்க வா என்றால் வருகிற குணம் அது.

வராதவற்றின் கதையையும் சொல்ல வேண்டும். 1930களில் வெள்ளிக் குச்சிகள் புழக்கத்துக்கு வந்தன. விறைப்பானவை, வளைந்த வேரிலும் தள்ளினால் போகும், எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழும். மருத்துவருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி. சில பத்தாண்டுகளில் அவை உள்ளேயே அரித்துக் கறுத்தன. அரிப்பில் பிறக்கும் உப்புகள் திசுவைக் கெடுக்கின்றன என்பதை 1972இல் சாமுவேல் செல்ட்சர் குழு காட்டியது. பிறகு அவற்றைப் பிடுங்கி எடுக்க மெல்லிய மூக்கு இடுக்கி ஒன்று, சுற்றிலும் மூன்று ஹெட்ஸ்ட்ராம் வகை ஃபைல்களை விட்டுப் பின்னலாக முறுக்கி இழுக்கும் வித்தை ஒன்று என்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது. இன்னொன்று சோவியத் நாடுகளில் பரவி, சீனாவிலும் இந்தியாவிலும் கையாளப்பட்ட ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடுப் பசை. மலிவு, ஒரே வேளையில் வேலை முடியும். இறுகினால் செங்கல் நிறத்தில் கண்ணாடியைப் போலக் கெட்டிப்படும். எந்தக் கரைப்பானுக்கும் சுலபத்தில் அசையாது. ‘ரஷ்ய சிவப்பு’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. அதை எக்ஸ்ரேயில் கண்டதும் பெருமூச்சு விடாத நிபுணர் அபூர்வம்.

இதற்கிடையே, பல்லைத் திறக்கும் பேச்சையே ஒரு தலைமுறைக்கு வாயடைத்துப்போட்ட காலமும் ஒன்று இருந்தது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியலில் பேசினார். சீழ் பிடித்த வேர்களின் மேல் தங்க மூடி மாட்டி மறைக்கும் வேலையைச் சாடினார். அவர் சாடியது அரைகுறை வேலையை. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது, நரம்பெடுத்த பல் எல்லாமே உடம்புக்கு விஷம் என்று. மூட்டுவலிக்குப் பல் பிடுங்கினார்கள், வயிற்று நோய்க்குப் பிடுங்கினார்கள். நியூஜெர்சியில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோய்க்கும் பிடுங்கினார். எதிர்த்து நின்ற சிலரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் முக்கியமானவர். 1896லிருந்தே பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தவர், வேரின் நீளத்தைப் படத்தில் அளந்தவர். தேவையில்லாத பல் பிடுங்கலைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பிலிமைக் கையால் பிடித்துக்கொண்டே கதிரின் எதிரில் நின்ற அந்தக் கை புற்றுநோயில் விரல் விரலாகப் போயிற்று. 1928இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இன்று பல் மருத்துவர் படம் எடுக்கும் முன் அறையை விட்டு வெளியே போகிறாரே, அந்த வழக்கத்துக்கு இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி வேரூன்றியது அந்தப் பிடுங்கல் காலத்தில்தான். ரஃபியுதீன் அகமது 1920இல் கொல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. 1953இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் பட்டப் படிப்பு தொடங்கி, இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்குள் உலகம் மெல்லத் திரும்பியிருந்தது. பிலடெல்பியாவின் லூயி கிராஸ்மன் 1940இல் எழுதிய வேர் சிகிச்சைப் பாடநூல், பல்லைக் காப்பது விஞ்ஞானம்தான் என்று நிறுவப் போராடிய நூல். அதைப் படித்தே நம் மாணவர்கள் பல தலைமுறையாகத் தேர்வு எழுதினார்கள். அந்த நூலின் 2010, 2014 பதிப்புகளைத் தொகுத்த இருவரில் ஒருவர் சென்னையின் வேலாயுதம் கோபிகிருஷ்ணா; அடுத்து 2020இல் வந்த பதிப்பும் அவருடையது. பிலடெல்பியாவில் பிறந்த புத்தகம் சென்னையில் புதுப்பிக்கப்பட்டு உலகுக்குப் போகிறது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி; தமிழ்ப் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத செய்தியும்கூட.

அளவுகள் வந்தது ஒரு பெரிய திருப்பம். அதற்கு முன் ஒரு கம்பெனியின் மூன்றாம் எண் ஃபைலும் இன்னொரு கம்பெனியின் மூன்றாம் எண் ஃபைலும் ஒன்றாக இருக்காது. 1958இல் ஜான் இங்கிளும் லெவீனும் முன்வைத்த ஒழுங்கு இப்படி: நுனியின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூற்றில் சொன்னால் அதுவே ஃபைலின் எண். 15ஆம் எண் என்றால் நுனி 0.15 மில்லிமீட்டர். அங்கிருந்து மேலே போகப் போக மில்லிமீட்டருக்கு 0.02 வீதம் தடிக்கும். 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். டாலரன்ஸ் தெரிந்த கைக்கு உடனே பிடிபடும்.

அடுத்த திருப்பம் உலோகத்தில். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் கண்டெடுத்த நிக்கல்-டைட்டானியக் கலவை, வளைத்து விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். பல்வரிசையை நேராக்கும் கம்பியாக அது இருந்ததை எடுத்து 1988இல் ஹர்மீத் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் ஃபைல் செய்து சோதித்தார்கள். ஸ்டீல் ஃபைல் வளைந்த வேரில் நேராக நிற்கப் பார்க்கும். சுவரில் படி வெட்டும், சில சமயம் துளைத்தே விடும். புதிய ஃபைல் வளைவோடு வளைந்து போனது. மோட்டாரில் பொருத்திச் சுழற்றவும் முடிந்தது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. ஸ்டீல் ஃபைல் ஒடியும் முன் திருகலில் ஒரு கோணல் காட்டும். நிக்கல்-டைட்டானியம் பெரும்பாலும் எச்சரிக்கை தராமல் உள்ளேயே ஒடிந்து நிற்கும்.

மறுசிகிச்சைக்கு உட்காரும் மருத்துவர், இவர்கள் அத்தனை பேரும் விட்டுப்போனதை எதிர்கொள்கிறார். முதலில் பல்லின் மேல் மாட்டிய கேப் என்னும் மூடி. அதை அறுத்தோ அசைத்தோ எடுக்க வேண்டும். அடியில், அதைத் தாங்க வேருக்குள் இறக்கிய உலோகப் போஸ்ட் இருந்தால் அல்ட்ராசானிக் முனையால் அதைச் சுற்றி அதிரவைத்து, பிடித்திருக்கும் சிமெண்டைப் பொடியாக்கி உருவ வேண்டும். நிறையத் தண்ணீர் விடாமல் அதிரவைத்தால் போஸ்ட் சூடேறி, வேரைப் பிடித்திருக்கும் எலும்பைச் சுட்டுவிடும். பிறகு கட்டா பெர்ச்சா. அதற்கென்றே மூன்று ஃபைல்கள் கொண்ட தொகுதி வருகிறது. முதல் ஃபைல் 16 மில்லிமீட்டர் நீளம், நுனி 0.30, அந்த நுனி வெட்டக்கூடியது. அடுத்தது 18, நுனி 0.25. மூன்றாவது 22, நுனி 0.20. நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்றில் ஓடும்போது உரசல் சூட்டிலேயே பிசின் இளகி ஃபைலில் சுருண்டு மேலே வரும். நுனி வரை அதே வேகத்தில் இறங்கிவிடக்கூடாது. கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டரில் பழைய ஹெட்ஸ்ட்ராம் ஃபைலும் விரலின் உணர்வும்தான் துணை.

அங்கே கரைப்பான் தேவைப்படும். குளோரோஃபார்ம் மிக வேகமானது. எலிகளில் புற்றுநோய் கண்டதால் அமெரிக்கா 1976இல் மருந்துகளிலும் அழகுப் பொருள்களிலும் அதைத் தடை செய்தது. பல் மருத்துவர்கள் சொட்டுக் கணக்கில் இன்னும் கையாளுகிறார்கள் என்றாலும் மாற்று தேடினார்கள். தேடியதில் கிடைத்தது ஜலதோஷத்துக்கு நம் வீடுகளில் ஆவி பிடிக்கும் யூகலிப்டஸ் தைலம்! ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் கரைக்கும். இரண்டுமே குளோரோஃபார்மைவிட நிதானம். தைலத்தைச் சூடாக்கினால் சற்று வேகம் கூடும். கரைப்பானை அதிகம் ஊற்றினால் பிசின் குழம்பாகிச் சுவரெங்கும் மெழுகிவிடும், பிறகு கழுவிமுடியாது. எவ்வளவு குறைவாக விடுகிறார் என்பதில் அனுபவம் தெரியும்.

ஏன் கெட்டது என்பதற்கு விடை பல சமயம் அடைத்த இடத்தில் இருக்காது, அடைக்காமல் விட்ட இடத்தில் இருக்கும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று கால்வாய் என்று தேடிவிட்டு மூடினால், முன்பக்க வேரில் ஒளிந்திருக்கும் இரண்டாவது கால்வாய் கிருமிகளோடு அப்படியே கிடக்கும். ஜான் ஸ்ட்ரோப்கோ என்ற மருத்துவர் தாம் சிகிச்சை செய்த பற்களைக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டார். வெறுங்கண்ணோடு தொடங்கிய காலத்தையும் சேர்த்து முதல் கடைவாய்ப் பற்களில் 73 சதவீதத்தில் அந்தக் கால்வாயைக் கண்டிருந்தார். நுண்ணோக்கியும் தனிக் கருவிகளும் கைவந்து, அதற்கென நேரம் ஒதுக்கிய பிறகு அது 93 சதவீதமாயிற்று. சென்னையிலும் இந்தத் தேடல் தீவிரமாக நடந்திருக்கிறது. சவீதா பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பிரசன்னா நீலகண்டன் குழு 2010இல் இந்தியர்களின் மேல் கடைவாய்ப் பற்களைக் கோன் பீம் சிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வழியே ஆராய்ந்து வெளியிட்டது. மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியின் ஜோஜோ கொட்டூர், வேல்முருகன், சுரேந்திரன் ஆகியோர் 2011இல் ஒரே கடைவாய்ப் பல்லில் எட்டுக் கால்வாய்களைக் கண்டு சிகிச்சை செய்ததைப் பதிவிட்டார்கள். பாடநூல் படத்தை மட்டும் நம்பி மூடியிருந்தால் பாதிக் கால்வாய்கள் திறக்கப்படாமலே போயிருக்கும்.

வேரின் பக்கச் சுவரில் துளை விழுந்திருந்தால் ஒரு காலத்தில் அந்தப் பல் போனதுதான். 1993இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொரபினெஜாத் குழு ஒரு பொடியை வெளியிட்டது. ஈரத்திலும் ரத்தத்திலும்கூட இறுகும், திசுவோடு ஒத்துப்போகும். எம்டிஏ என்று பல் மருத்துவர்கள் அழைக்கும் அந்தப் பொடியில் சுமார் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட். மிச்சம் எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடும் கொஞ்சம் ஜிப்சமும். அனல்மின் சாம்பலைச் சிமெண்ட் ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிகளுக்கு நடுவே வாழும் அத்திப்பட்டுக்காரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். கட்டடச் சிமெண்டின் சுத்திகரிக்கப்பட்ட தங்கை, கிராம் கணக்கில் விலை போகிறாள்.

அந்தத் தங்கையின் வழிவந்த பயோசெராமிக் பசைகள் இப்போது கால்வாயை அடைக்கவே எல்லா இடத்திலும் வந்துவிட்டன. இங்கேதான் பழைய பாடத்தை மறக்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது. அவை கரைப்பானில் கரைவதில்லை. 2011இல் வந்த ஓர் ஆய்வில், கட்டா பெர்ச்சாக் குச்சி நுனி வரை போகாமல் கடைசிப் பகுதியில் பசை மட்டும் நின்ற வேர்களில், பெரும்பாலானவற்றில் பழைய நீளத்தை மறுபடி எட்ட முடியவில்லை. குச்சி முழு நீளத்துக்கு இருந்தால் வழி கிடைக்கிறது. நல்ல பொருள்தான், மறுப்பில்லை. ஆனால் குச்சியை ஒப்புக்கு வைத்துப் பசையை நம்பி மூடும் கைகளும் நாட்டில் உண்டு.

இத்தனையும் செய்தால் பலன் உண்டா? லண்டனில் இங், மான், குலாபிவாலா மூவரும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சிகிச்சையில் 83 சதவீத வேர்களும் மறுசிகிச்சையில் 80 சதவீத வேர்களும் ஆறின. கிட்டத்தட்ட சமம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து போய்விடக்கூடாது. இத்தாலியின் கோர்னியும் காலியானியும் 2004இல் கொடுத்த கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 452 பற்கள். முதல் மருத்துவர் கால்வாயின் இயல்பான வடிவத்தைக் கெடுக்காமல் விட்டிருந்த பற்களில் 86.8 சதவீதம் ஆறின. படி வெட்டியோ துளைத்தோ வழியை மாற்றியிருந்த பற்களில் 47 சதவீதம் மட்டுமே. இரண்டாவது மருத்துவரின் கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் முதல் கை போட்ட எல்லைக்குள்தான் அவர் வேலை செய்கிறார்.

முதல் கை மட்டுமா? ரேயும் டிரோப்பும் 1995இல் ஆயிரத்துச் சொச்சம் பற்களைப் பார்த்தார்கள். வேரும் நன்றாக அடைத்து, மேலேயும் நன்றாக மூடியிருந்தால் 91 சதவீதத்தில் வேர்நுனி நோயின்றி இருந்தது. வேர் நன்றாக இருந்தும் மேல்மூடல் மோசமென்றால் அது 44ஆக இறங்கியது. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 2004இல் வந்த இன்னொரு ஆய்வில், எட்டு ஆண்டுக்குப் பிறகும் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 சதவீதத்துக்குக் கேப் போடப்படவில்லை.

இந்தக் கேப் விஷயத்தில்தான் அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் ஊர்கள் பேச்சுக்குள் வருகின்றன. வலி நின்றதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பது மனித இயல்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இயல்பு மட்டுமல்ல, கணக்கு. ஒவ்வொரு முறை நாற்காலியில் உட்காரவும் ஒரு ஷிப்டுக் கூலி போகிறது. கேப்புக்குத் தனிப் பணம். ‘அடுத்த மாசம் போட்டுக்கறேன் டாக்டர்’ என்று போனவர் தற்காலிக அடைப்பு கரைந்து, எச்சில் உள்ளே இறங்கி, மூன்று வருடம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வருகிறார். இ.எஸ்.ஐ. கூரை மாதம் 21,000 ரூபாய். அதைச் சற்றே தாண்டியவருக்கு அதுவும் இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அத்திப்பட்டு புதுநகரில் புறநகர் ரயில் ஏறி, எண்ணூரும் திருவொற்றியூரும் கடந்து நகருக்குள் இறங்க வேண்டும். சொந்த மாவட்டத்திலேயே திருவள்ளூரை அடுத்த பாண்டூரில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது அரக்கோணம் ரயில் பாதையில். ரயிலில் போவதென்றால் முதலில் சென்னைப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். மறுசிகிச்சை ஓர் உட்காரலில் முடிவது அபூர்வம். பிடுங்குவது பத்து நிமிடம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லேபர் கேம்பில் தங்கியிருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டாம். அதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்ததில்லை.

மருத்துவர் பக்கத்துக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. 1864லேயே நியூயார்க்கின் சான்ஃபோர்டு பார்னம் பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டி எச்சிலைத் தள்ளிவைத்தார். அதை மாட்டினால் ஐந்து நிமிடம் கூடும், கிருமி குறையும். நம் தனியார் மருத்துவமனைகளில் அதை மாட்டுகிறவர்கள் இன்றும் சிறுபான்மையினரே. ஃபைல்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இன்னொன்று. நரம்புத் திசுவை முழுவதும் கழுவி நீக்க முடியாது என்ற அச்சத்தில் இங்கிலாந்து 2007இல் வேர்க்கால்வாய் ஃபைல்களை ஒரு நோயாளியோடு எறிந்துவிடச் சொன்னது. இங்கே கட்டணத்தைக் குறைக்கும் போட்டியில் ஒரு ஃபைல் பல வாய்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு வளைவிலும் உலோகம் களைத்து, ஒருநாள் யாரோ ஒருவருடைய வேரில் ஒடிகிறது. சுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வாணியம்பாடி இருக்கிறது. 2022-23இல் அங்கே ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்துவைத்த சலைன் பாட்டில் வழியாகக் கிருமி பரவியிருக்கலாம் என்று வேலூர் சிஎம்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். பல்லில் தொடங்கிய அலட்சியம் பல்லோடு நிற்பதில்லை.

எல்லாப் பல்லையும் இரண்டாம் முறை திறக்க வேண்டும் என்று யாரும் வாதிடவில்லை. வேர் நெடுக்கே பிளந்திருந்தால் எந்த ஃபைலும் எந்தச் சிமெண்டும் உதவாது; பிடுங்குவதே நேர்மை. உள்வழி அடைபட்டு நுனியில் மட்டும் நோய் இருந்தால் ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டி அடைக்கும் சிறு அறுவை உண்டு. இவற்றுக்கு நடுவே, காப்பாற்றக்கூடிய பல்லை விளம்பரப் பலகையைப் பார்த்து இம்ப்ளாண்டுக்கு விற்றுவிடும் போக்குதான் இன்று கவலை தருவது. இம்ப்ளாண்ட் லாபம் உள்ள வேலை. மறுசிகிச்சை நேரத்தைத் தின்னும் வேலை. அடுத்தவர் செய்த தவறைத் திருத்தும் வேலையும்கூட, அதனால் அதற்கு விளம்பரம் இல்லை.

மின் நிலையத்தில் ஓவர்ஹால் முடிந்ததும் என்ன மாற்றினோம், எந்த இடைவெளி எவ்வளவு, எது அடுத்த முறைக்கு என்று எழுதிவைக்கிறார்கள். அடுத்து வரும் குழு அதைப் படித்துவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்கிறது. ரூட் கெனால் செய்துகொண்டவருக்கு நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு ரசீது. எத்தனை கால்வாய், எவ்வளவு நீளம், எந்தப் பசை, கடைசி எக்ஸ்ரே, உள்ளே ஃபைல் ஒடிந்து நின்றிருந்தால் அதுவும். ஒரு தாளில் அடங்கும் இவ்வளவையும் நோயாளியின் கையில் கொடுப்பதைத் தேசியப் பல் மருத்துவ ஆணையம் கட்டாயமாக்கலாம். இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் அரசுப் பல் பிரிவுகளிலும் தொடங்குவதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒடிந்த ஃபைலை மறைக்கிறவர்கள் இதை எதிர்ப்பார்கள். ஒடிவது எல்லார் கையிலும் நடக்கிற விபத்து. அதைச் சொல்லாமல் மூடி அனுப்புவதற்குத்தான் தண்டனை வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊர் மாறிப்போகும் தொழிலாளி, அந்தத் தாளைப் பாரதீப்பிலோ பாட்னாவிலோ காட்டினால் அங்கிருக்கும் மருத்துவர் இருட்டில் துழாவாமல் திறக்க முடியும்.